கசற்றில் இருக்கும் குரலைக் கணினியில் நன்றாகக் கேட்பது எப்படி?

வடக்கு கிழக்கில் பல வீடுகளில் இன்னமும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ளோ அலுமாரியின் மேல்தட்டிலோ நாலைந்து கசற்றுகள் கிடக்கின்றன. சிலவற்றில் சினிமாப் பாட்டு. சிலவற்றில் கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரமும் தவிலும். சிலவற்றில், தொலைபேசி கிடைக்காத காலத்தில் வெளிநாட்டிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல். இன்னும் சிலவற்றில் இன்று உயிரோடு இல்லாத, அல்லது எங்கே என்றே தெரியாத ஒருவரின் பேச்சு.

வீட்டுக் கணினியில் தரமாகப் பாட்டுக் கேட்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் விலை உயர்ந்த கருவிகளின் பட்டியல்தான் வருகிறது. எங்களில் பலருக்கு அது உதவாது. நல்ல ஸ்பீக்கர் பிறகு வாங்கலாம். கசற் அப்படிக் காத்திருக்காது. நாடாவின் காந்தப் பூச்சு மெல்ல மெல்லப் பலம் இழக்கிறது, ஈரப்பதனில் பூஞ்சணம் பிடிக்கிறது, அதைப் போட்டுக் கேட்கும் கருவியும் திருத்துபவரும் அருகி வருகிறார்கள். ஆகவே முதலில் கசற்றிலிருந்து கணினிக்கு, பிறகு கணினியிலிருந்து காதுக்கு என்ற வரிசையிலேயே எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கசற்றுகளையும் சில உறவினர்களின் கசற்றுகளையும் மாற்றியபோது பழகிக்கொண்ட வேலை இது.

கசற்றைக் கருவியில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். அதை ஓட விட்டால் கருவிக்கும், அடுத்துப் போடும் கசற்றுக்கும் பரவும். சுவாசிக்கவும் கூடாது. அதைத் தனியே பிரித்து வைத்து அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். நல்ல கசற்றையும் உடனே ஓட்டாமல், ஒருமுறை முழுதாக முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றிக்கொள்வது நல்லது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கும். திருகாணி போட்ட கசற் என்றால் கழற்றி, இன்னொரு பழைய கசற்றின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம்.

கருவியின் தலைப்பகுதியை, பார்மசியில் வாங்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். குச்சியில் மண்ணிறம் வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். றப்பர் உருளையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய திருகாணி இருக்கும். நாடாவும் தலையும் சந்திக்கும் கோணத்தை அது மாற்றும். கசற் ஓடும்போது அதை மிக மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாக, அங்குமிங்கும் திருப்பினால் மூடிக்கிடந்த குரல் சட்டென்று தெளிவதைக் கேட்கலாம். 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான இடம். எந்த மென்பொருளாலும் பிறகு இதைச் செய்து தர முடியாது.

அடுத்தது வயர். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். இன்றைய மடிக்கணினியில் உள்ள ஒற்றைத் துளை ஒலிவாங்கிக்கானது. அது ஒற்றைத் தடத்தில்தான் பதியும், கருவியிலிருந்து வரும் பலமான சத்தத்தைத் தாங்காமல் கரகரக்கும். பழைய மேசைக் கணினியில் நீல நிறத் துளை இருந்தால் அதில் செருகலாம். இல்லாவிட்டால் 'லைன் இன்' உள்ள ஒரு சிறிய யூஎஸ்பி ஒலி இணைப்புக் கருவி தேவை. பணம் செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். கசற்றையும் சேர்த்து ஓட்டும் மலிவான யூஎஸ்பி பிளேயர்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவற்றின் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

பதியும்போது அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சரியான எர்த் இல்லாத வீடுகளில் அந்த அதிர்வு சார்ஜர் வழியாக வயருக்குள் ஏறிவிடும். பற்றரியில் பதிந்தால் பெரும்பாலும் போய்விடும்.

மென்பொருளுக்கு ஓடாசிற்றி போதும், இலவசம். 48,000 ஹேர்ட்ஸ், 24 பிற் என்று வைத்து, சத்தத்தின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். ஒரு மணி நேரக் கசற் ஏறத்தாழ 1 ஜிபி வரும். ஃப்ளாக் வடிவில் சேமித்தால் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், தரம் ஒரு துளியும் குறையாது. எம்பி3 அப்படியல்ல. காதுக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்று கணக்குப் போட்டுச் சில ஒலிகளை அது நிரந்தரமாக எறிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடையொன்றில் கொடுத்து மாற்றிய கசற்றுகள் மிகக் குறைந்த தர எம்பி3 ஆகத் திரும்பி வந்தன. மூலக் கசற்றுகளும் திரும்பக் கிடைக்கவில்லை. கடையில் கொடுப்பதென்றால் ஃப்ளாக் அல்லது வேவ் வடிவம் வேண்டும், கசற்றும் திரும்ப வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். எம்பி3 ஐப் பிறகு ஃப்ளாக் ஆக மாற்றுவதில் பயனில்லை. எறிந்தது திரும்பி வராது.

எங்கள் கசற்றுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1990 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவும் ரேப் ரெக்கோடரும் ஓடின. பலம் இறங்கிய பற்றரியிலோ டைனமோவிலோ பதிந்தபோது கருவி மெதுவாக ஓடியிருக்கும். அதை இன்று சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று, அவசரமாகக் கேட்கும். அம்மம்மாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல் இருக்கிறதென்றால் காரணம் இதுதான்.

ஓடாசிற்றியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதி உண்டு. எவ்வளவு மாற்றுவது என்பதற்கு ஓர் அளவுகோல் தேவை. றேடியோவிலிருந்து பதிந்த கசற்றில் பிபிசியின் நேரக் குறி ஒலி அகப்பட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த 'பீப்' ஒலிகள் சரியாக ஒரு செக்கன் இடைவெளியில் தொடங்குபவை. திரையில் அளக்கும்போது இடைவெளி 0.95 செக்கன் என்று வந்தால், வேகத்தை 0.95 மடங்காகக் குறையுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால், அந்தக் குரலை நன்றாக அறிந்த வயதான ஒருவரைப் பக்கத்தில் இருத்தி மெல்ல மெல்ல மாற்றிக் கேட்பதுதான் வழி. டைனமோவை மிதித்தவர் களைத்தால் வேகமும் இடையிடையே மாறியிருக்கும். துண்டு துண்டாகத்தான் திருத்த வேண்டும்.

இரைச்சலை நீக்கும் வசதியில் அளவோடு நில்லுங்கள். கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பின்னால் கேட்கும் சேவல், கிணற்றுக் கப்பி, தூரத்து ஷெல் சத்தம் எல்லாவற்றையும் இரைச்சல் என்று நினைத்து அழிக்க வேண்டாம். எப்படியும் முதலில் பதிந்த கோப்பைத் தொடாமல் வைத்து, பிரதியில்தான் கை வைக்க வேண்டும்.

கேட்பது இலேசான வேலை. விண்டோஸ் கணினியில் ஒலி அமைப்புக்குள் போய் 'மேம்பாடு' என்று தானாகச் செய்யும் வசதிகளை நிறுத்துங்கள். ஃபூபார் 2000 அல்லது விஎல்சி, இரண்டும் ஃப்ளாக்கை ஓட்டும். வயர் வைத்த ஒரு சுமாரான ஹெட்போன், மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரைவிட எவ்வளவோ மேல். தனி ஸ்பீக்கர் என்றால் காது உயரத்தில், சுவர் மூலையிலிருந்து தள்ளி, உங்களோடு சேர்ந்து முக்கோணமாக வையுங்கள். சீமெந்துச் சுவரும் தரையும் மட்டுமுள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். ஒரு தடித்த திரைச்சீலையும் பாயும் நிறைய உதவும். கசற் ஒலிக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். அப்போதுதான் தரம் குறையாது. ஒரு பிரதி கணினியில், இன்னொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள ஒருவரிடம் இருக்கட்டும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. பொதுப் பெறுமதியுள்ள பதிவு என்றால் நூலக நிறுவனத்தை அணுகலாம். சமூக வலைத்தளத்தில் போடுவதற்கு முன்பு மட்டும் குரலுக்குரியவரின் குடும்பத்தைக் கேளுங்கள். போர்க்காலப் பாடல்கள் என்றால் இன்னும் யோசியுங்கள். பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுகள் நடந்திருக்கின்றன.

கசற்றின் அட்டையில் எழுதியிருப்பதை இரண்டு பக்கமும் போனால் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். கோப்பின் பெயரில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஆண்டு நிச்சயமில்லாவிட்டால் 'இடப்பெயர்வுக்கு முன்' என்றாவது இருக்கட்டும். பேசுவது யார் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இன்னும் இருக்கிறார் என்றால் இந்த வேலையை அவரோடு இருந்து செய்யுங்கள்.