இடுப்புத்தள இயன்முறை மருத்துவம்

இடுப்புத்தள இயன்முறை மருத்துவம் என்பது இடுப்புக்கூட்டின் அடிப்பகுதியில் உள்ள தசைகளைப் பயிற்சியின் மூலம் வலுப்படுத்தும் அல்லது தளர்த்தும் மருத்துவ முறை ஆகும். கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னரும் ஏற்படும் சிறுநீர்க்கசிவைத் தடுக்கவும் குறைக்கவும் இது பயன்படுகின்றது. இக்கசிவு பரவலாகக் காணப்படினும், பிள்ளை பெற்றவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று அன்று.

தசைகளின் அமைப்பு

இடுப்புத்தளம் முன்புற இடுப்பெலும்பில் இருந்து வாலெலும்பு வரை தொட்டில் போல் அமைந்த தசைத்தொகுதி ஆகும். இது சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றது. வளரும் கருப்பையின் எடை இத்தசைகளை அழுத்துகின்றது. யோனிவழி மகப்பேற்றின்போது இவை பெரிதும் நீள்கின்றன. சிலருக்குக் கிழிவதும் உண்டு. இதனால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியலாம். கருப்பை கீழிறங்கவும் கூடும். அறுவை மூலம் மகப்பேறு அடைந்தோருக்கும் கசிவு ஏற்படலாம்.

வரலாறு

அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகெல் 1948இல் இப்பயிற்சி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தசையின் சுருக்க அழுத்தத்தை அளக்கும் கருவியையும் அவர் உருவாக்கினார். இதனால் இது கெகெல் பயிற்சி எனவும் அழைக்கப்படுகின்றது.

பயிற்சி முறை

சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவது போலத் தசைகளை உள்நோக்கி மேலிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, பின்னர் முழுமையாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, தொடை, பிட்டத் தசைகளை இறுக்கலாகாது. ஐக்கிய இராச்சியத்தின் நைசு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கங்கள் வீதம் நாளொன்றுக்கு 3 வேளை செய்யப் பரிந்துரைக்கின்றது. மேற்பார்வையுடன் குறைந்தது 3 மாதங்கள் தொடர வேண்டும் எனவும் அது கூறுகின்றது. சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்துவதைப் பயிற்சியாகக் கொள்ளலாகாது. சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் போகலாம்.

மேற்பார்வையின் தேவை

இத்தசைகளின் இயக்கம் வெளியே தெரியாததால் தவறாகச் செய்வது எளிது. 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வாய்மொழி விளக்கம் மட்டும் பெற்ற 47 பெண்களுள் 23 பேரே சரியாகச் செய்தனர். 12 பேரின் முறை கசிவை மிகுவிக்கக் கூடியதாய் இருந்தது. எனவே இயன்முறை மருத்துவர் முதலில் தசைகளைச் சோதித்தறிகின்றார். தசைகள் மிகையாக இறுகி வலி உடையோருக்கு, வலுவூட்டலுக்கு மாறாகத் தளர்த்தும் பயிற்சியே அளிக்கப்படுகின்றது.

பயன்

2020இல் வெளியான காக்ரேன் மீளாய்வின்படி, கசிவு இல்லாத பெண்கள் கருவுற்ற தொடக்கத்திலேயே பயிற்சியை மேற்கொண்டால், பிற்பகுதியில் கசிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 62% குறைகின்றது. பிரான்சில் மகப்பேற்றுக்குப் பிந்தைய இடுப்புத்தளப் பயிற்சிக்கான செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கின்றது.

இவற்றையும் பார்க்க

மகப்பேறு
இயன்முறை மருத்துவம்
கருப்பை இறக்கம்