வித்யாஸ்தானமா, வித்யாஸ்தானத்தாரா? பாகூர்ச் செப்பேட்டின் ஒரு விகுதி குறித்து

புதுச்சேரியில் நான் கலந்துகொண்ட ஆய்வரங்குகளில் ஒரு செய்தி அடிக்கடி காதில் விழும். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாகூரில் பல்கலைக்கழகம் இருந்தது என்பார்கள். வரவேற்புரையில் வரும்; ஆய்வுரைகளிலும் அடிக்குறிப்போடு வரும். சான்றாகக் காட்டப்படுவது பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு. அதைப் பலமுறை வாசித்த பிறகு எனக்கு ஏற்பட்ட ஐயத்தை இங்கே எழுதுகிறேன். அந்தச் செப்பேட்டில் பல்கலைக்கழகம் இல்லை. கல்லூரி என்று சொல்லவும் போதிய இடம் இல்லை. ஆனால் அதில் இருப்பது சிறிய செய்தியும் இல்லை.

கல்லூரி என்ற கருத்தை வேரூன்றச் செய்தவர் சி. மீனாட்சி. பல்லவர் ஆட்சிமுறையையும் சமூக வாழ்வையும் பற்றி 1938இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் நம் கைநூல். பல்லவர் காலக் கல்வியைத் தனித்து ஆராயவேண்டிய பொருளாக நிறுத்திக் காட்டியது அவருடைய உழைப்பு. அந்தக் கடனை மறந்து இந்த மறுப்பை எழுதவில்லை. எனினும் காஞ்சியின் உயர்கல்வி நிலையமான கடிகையைப் பார்த்த அதே கண்ணோடுதான் அவர் பாகூரையும் பார்த்தார். சமஸ்கிருத உயர்கல்விக்கென ஏற்பட்ட நிலையம், பதினான்கு வித்தைகள் பயிற்றப்பட்ட இடம், அதன் செலவுக்கு மூன்று ஊர்கள் என்பதாக அந்தச் சித்திரம் அமைந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தச் சித்திரத்தை மேலும் பெரிதாக்கினார்களே தவிர, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

செப்பேடு தரும் செய்தி சுருக்கமானது. வேசாலிப்பேரரையன் என்னும் தலைவனின் வேண்டுகோளின்படி சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் வாகூர் (பாகூரின் பழைய வடிவம்) வித்யாஸ்தானத்தார்க்கு வித்யாபோகமாகக் கொடுக்கப்பட்டன. ஏடுகள் பாரிஸ் நகரத் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தவை. அவற்றை எபிகிராபியா இண்டிகாவின் 18ஆம் தொகுதியில் பதிப்பித்தவர் ஹூல்ட்ஷ்.

முதலில் அந்தப் பதினான்கு. வடமொழிப் பகுதியில் ஓர் உவமை வருகிறது. சிவனின் சடைமுடியில் கங்கை தங்கியதுபோல, பதினான்கு கணங்கள் நிறைந்த ஆழமான வித்தை நதி வாகூரில் வாழ்வோரின் இடத்தை அடைந்து அங்கே தங்கிவிட்டது. ஆகையால் அறிஞர்களின் அந்த இடத்தை வித்யாஸ்தானம் என்கிறார்கள் என்பது அதன் கருத்து. இதைப் பாடத்திட்டமாக வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கு வேதம், ஆறு அங்கம், புராணம், நியாயம், மீமாம்சை, தர்மசாஸ்திரம் என்ற பதினான்கையும் வித்தைகளின் ஸ்தானங்கள் என்றே யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் தொடக்கம் எண்ணுகிறது. அதாவது ‘வித்யாஸ்தானம்’ என்பது கட்டடத்துக்கோ நிறுவனத்துக்கோ உரிய பெயராவதற்கு முன்பே அறிவுத்துறை ஒவ்வொன்றுக்கும் உரிய பெயராக இருந்தது. செப்பேட்டுக் கவிஞர் இந்த இரு பொருளையும் வைத்துச் சிலேடை செய்கிறார். பதினான்கு ஸ்தானங்களும் ஒரே ஸ்தானத்தில் வந்து தங்கின என்பது அவர் சொல்லும் நயம். சிலேடையின் ஒரு பாதியை எடுத்து, இங்கே பதினான்கு துறைகள் இருந்தன என்று எண்ணுவது, புலவரின் புகழ்ச்சியை அலுவலகப் பதிவேடாக்குவது போன்றது. ஊர்ச் சிறப்பைச் சொல்லும் மரபுத் தொகை அது.

அந்தச் செய்யுளே பெயர்க்காரணத்தை எங்கிருந்து எடுக்கிறது என்றும் கவனிக்க வேண்டும். ‘வாகூரில் வாழ்வோர்’, ‘அறிஞர்’ என்ற ஆட்களிலிருந்துதான் எடுக்கிறது. நதி வந்து தங்கியது ஒரு மண்டபத்தில் இல்லை, ஒரு கூட்டத்தாரின் இருப்பிடத்தில்.

தமிழ்ப் பகுதி இதையே இன்னும் தெளிவாக்குகிறது. கொடை போவது வித்யாஸ்தானத்துக்கு இல்லை, வித்யாஸ்தானத்தார்க்கு. ‘ஆர்’ என்ற அந்த ஒரு விகுதியின்மேல் நான் அதிகம் சுமத்துவதாகச் சிலர் நினைக்கலாம். ஊரார், சபையார், நாட்டார், நகரத்தார் என்று கல்வெட்டுத் தமிழ் அந்த விகுதியைத் தரும்போதெல்லாம் கூடிப் பேசி முடிவெடுத்து, சொத்தைக் கூட்டாக ஆண்ட ஒரு குழுவையே நாம் காண்கிறோம். அந்த வரிசையில் வித்யாஸ்தானத்தாரையும் வைக்க ஏன் தயங்கவேண்டும்? மீனாட்சியின் சித்திரத்திலும் அவருக்குப் பின் வந்த சுருக்கங்களிலும் இந்த விகுதி கரைந்துபோய், ஆட்கள் இருந்த இடத்தில் நிறுவனம் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் வாதத்தின் பலவீனமான இடமும் இதுதான். பிற்காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்தானத்தார்’ என்றால் கோயிலை நிர்வகிப்பவர்கள். அப்படியானால் வித்யாஸ்தானத்தார் என்பதும் ஒரு கல்லூரியின் நிர்வாகிகளைக் குறிக்கலாமே என்று மீனாட்சியின் தரப்பில் நின்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வழக்கு பெருகுவது சோழர் காலத்தின் நடுப்பகுதிக்குப் பின். ஒன்பதாம் நூற்றாண்டுச் சொல்லுக்குப் பொருள் காண இருநூறு ஆண்டு கழித்து வந்த வழக்கைக் கடன் வாங்குவதைவிட, அதே செப்பேட்டின் வடமொழிப் பகுதி தரும் விளக்கத்தை ஏற்பதே முறை. அந்தப் பகுதி நிர்வாகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அங்கே வாழும் அறிஞர்களைப் பற்றிப் பேசுகிறது.

செப்பேடு சொல்லாமல் விட்டவையும் கணக்கில் வர வேண்டும். மாணாக்கர் எத்தனை பேர், ஆசிரியருக்கு எவ்வளவு நெல், எந்த வேதத்துக்கு எத்தனை இடம் என்று ஒரு எண்கூட இல்லை. அக்காலத்துக்கு அப்படி எழுதும் வழக்கமில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு 866ஆம் ஆண்டினது. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்தச் சாலைக்கு 95 சட்டர் (கற்போர்) என்று அது எண்ணிச் சொல்கிறது. அவர்கள் எந்தெந்தச் சரணத்தார் (வேதக் கிளையினர்) என்று பிரிக்கிறது. ஒழுக்க விதிகளையும் தண்டத்தையும் கூடச் சொல்கிறது. கல்விச்சாலை ஒன்றை நிறுவியவன் எப்படி எழுதுவான் என்பதற்கு அதே தலைமுறைச் சான்று அது.

சரி, அப்படியானால் பாகூர்க் கொடை வெறும் பிரமதேயமா, அதாவது பிராமணர்க்குக் கொடுத்த ஊர் மட்டுமா? அதையும் நான் சொல்லவில்லை. தண்டந்தோட்டம் செப்பேட்டில் பங்கு பெற்ற 308 பேரைப் பார்க்கிறோம். புதிதாகக் குடியேற்றும்போது பெயரும் பங்கும் எழுதுவது பல்லவர் வழக்கம். பாகூரில் பெயர்ப்பட்டியல் இல்லை. ஆகவே கொடைக்கு முன்பே தன் பங்கைத் தானே பிரித்துக்கொள்ளத் தெரிந்த ஒரு குழு அங்கே இருந்தது என்று கொள்கிறேன். ‘வித்யாபோகம்’ என்ற சொல்லும் அதற்குத் துணை. போகம் என்பது துய்ப்பு. வித்தை உடையவர்கள் வித்தையின் பொருட்டுத் துய்க்கும் வருவாய் அது. அவர்கள் கற்பித்திருக்கலாம், கற்பித்திருப்பார்கள் என்றே நானும் நினைக்கிறேன். மாணவன் தந்தையிடமோ குருவிடமோ திண்ணையில் கற்ற கல்வி அது என்றால், அரசு ஆவணத்தில் அவனுக்கு இடம் தேவைப்பட்டிருக்காது.

மாற்றம் நிகழ்ந்ததைக் காண வெகுதூரம் போகவேண்டாம். புதுச்சேரியிலிருந்து வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் போனால் திருபுவனை. அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1048ஐ ஒட்டியது. மாணவர் 260 பேர். ஆசிரியர் 12 பேர். நிலம் 72 வேலி. வேதம் ஓதுவோர் 190 பேர், வேதாந்தமும் வியாகரணமும் போன்றவை கற்போர் 70 பேர். விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர், 14 ஆசிரியர், 45 வேலி.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது திருபுவனைக் கல்வெட்டின் ஒரு விலக்கு. கற்பிப்போரும் கற்போரும் ஊர்ச் சபையின் வாரியங்களில் பணியாற்ற வேண்டியதில்லை என்கிறது அது. விலக்கு தருவதென்றால், அந்த விலக்கு இல்லாவிட்டால் அவர்கள் வாரியத்துக்கு அழைக்கப்படக் கூடியவர்கள். கல்வி ஊரிலிருந்து பிரிந்து தனிப் பணியானதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இல்லை. பாகூரில் அந்தப் பிரிவு இல்லை. கற்றோரே ஊர், ஊரே கற்றோர். ‘வாகூரில் வாழ்வோரின் இடம்’ என்ற செப்பேட்டுத் தொடருக்கு இதுவே இயல்பான பொருள். மீனாட்சி திருபுவனையின் வடிவத்தை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு பின்னோக்கி எடுத்துச் சென்று பாகூர்மேல் போர்த்திவிட்டார் என்பதே என் குறை.

எத்தனை ஆண்டு பின்னோக்கி என்பதில் உறுதி இல்லை. நிருபதுங்கனின் ஆட்சித் தொடக்கத்தை 859 என்று கொள்வோரும் உண்டு, 869 என்று கொள்வோரும் உண்டு. முன்னது சரியானால் எட்டாம் ஆட்சியாண்டு 866ஐ ஒட்டி வரும். பார்த்திவசேகரபுரமும் பாகூரும் ஏறக்குறைய ஒரே ஆண்டின் ஆவணங்கள் ஆகும். பின்னது சரியானால் பத்தாண்டு இடைவெளி. முதல் கணக்கு என் வாதத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. பொருந்துவதாலேயே அதை நான் தேர்ந்துகொள்ள முடியாது. எந்தக் கணக்கிலும் ஒப்பீடு நிற்கிறது என்று மட்டும் சொல்வேன்.

பாகூர் சு. குப்புசாமி தொகுத்து, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்து, 2006இலும் 2010இலும் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் வெளியிட்ட புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதிகள் இப்போது நம் கையில் உள்ளன. பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் பேசும் சபையார், செப்பேடு சொல்லும் வித்யாஸ்தானத்தாரின் வழிவந்தவர்களா என்ற கேள்வியை அந்தப் பக்கங்களில் வைத்துத்தான் தேட வேண்டும். கொடையான மூன்று ஊர்களில் விளாங்காட்டங்கடுவனூரின் பின்பாதியை, கரையாம்புத்தூர்ப் பக்கத்துக் கடுவனூர் இன்னும் தாங்கி நிற்பது போலத் தோன்றுகிறது. பெயர் ஒற்றுமைக்கு மேல் அதற்கு நான் சான்று காட்டவில்லை. பழைய நில அளவைப் பதிவுகளோடு செப்பேட்டின் எல்லை வரிகளை வைத்துப் பார்க்கும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.