கணினி கண்விழிக்கும் வரலாறு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பல வீடுகளில் பழைய லேப்டாப்பில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். சில சமயம் நிறுவி முடித்து மறுபடி இயக்கினால் கறுப்புத் திரைதான் வருகிறது. "மெஷின் போச்சு" என்று பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். கொடுக்குமுன் அது ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

கணினி தொடங்குவதை ஆங்கிலத்தில் 'பூட்' என்கிறார்கள். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற பொருளில் வந்த 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் சுருக்கம் அது. பிரெஞ்சில் படித்த எனக்கு 'அமோர்சாஜ்' என்ற சொல்தான் பிடிக்கிறது. அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அதற்கும் பிரெஞ்சில் இதே சொல்தான். கணினிக்கும் அதே சங்கடம். வட்டிலுள்ள நிரலைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரலை எது படிக்கும்?

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அந்த முதல் செம்புத் தண்ணீர் 'பயாஸ்' என்ற பெயரில் ஒரு சில்லில் இருந்தது. அது வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, வேலையை அங்கிருக்கும் நிரலிடம் ஒப்படைக்கும். ஹார்டு டிஸ்கில் அதிலும் 446 பைட்டுதான் நிரலுக்கு. தட்டச்சு செய்தால் ஏழு வரிகூடத் தேறாது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை அறிவித்தார். அதைத் தொடங்கி வைக்க அடுத்த ஆண்டே 'லிலோ' வந்தது. அது தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். எந்த எழுத்தோடு நிற்கிறதோ, அந்தப் படியில் கோளாறு. 1995-இல் 'கிரப்' பிறந்தது. இன்றும் பெரும்பாலான லினக்ஸில் இருப்பது அதன் வாரிசுதான்.

பிறகு பயாஸின் இடத்துக்கு 'யூஇஎஃப்ஐ' வந்தது. இது முதல் 512 பைட்டைத் தேடாது. வட்டில் தனியாக ஒதுக்கிய ஒரு பகுதியில் உள்ள கோப்பைத் தேடும். 2012-இல் விண்டோஸ் 8-உடன் 'செக்யூர் பூட்' பரவியது. கையெழுத்து இல்லாத நிரலை உள்ளே விடாத காவல் அது.

ஆக, இது அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாக நகர்வது போன்றது. எந்த மேசையில் தேங்கியது என்பதைத் திரையே சொல்லிவிடும். 'தொடங்கக்கூடிய சாதனம் இல்லை' என்ற பொருளில் ஆங்கில வாசகம் வந்தால், முதல் மேசையே அடுத்த மேசையைக் கண்டுபிடிக்கவில்லை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால் கிரப் வந்துவிட்டது, அதன் மீதிக் கோப்புகள் கிடைக்கவில்லை. கிரப் பட்டியல் வந்தபின் திரை இருண்டால் பெரும்பாலும் திரைக்கான டிரைவர் கோளாறு.

என் நண்பர் ஒருவரின் லேப்டாப்புக்கு முதல் வகை நேர்ந்தது. மறைந்த மனைவியின் படங்கள் எல்லாம் அதில்தான். ஒரு கடையில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார்கள். லினக்ஸ் பென் டிரைவைச் செருகி, நிறுவாமல் வெறுமனே இயக்கிப் பார்த்தோம். படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. முதலில் அவற்றை நகல் எடுத்தோம். லினக்ஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தது. லேப்டாப்போ பழைய பயாஸ் முறையில் தேடிக்கொண்டிருந்தது. அமைப்புத் திரையில் அந்த ஒன்றை மாற்றியதும் கிளம்பிவிட்டது.

அந்தத் திரைக்குப் போக, இயக்கியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்ட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். விண்டோஸும் உடன் இருந்தால் செக்யூர் பூட்டைத் தொடுமுன் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

கறுப்புத் திரை வந்தாலே வட்டு செத்துவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் செம்புத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். படங்களை நகல் எடுத்த பிறகு மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.