பாரிசவாதத்துக்குப் பின் இறுகும் கை: ஸ்பிளின்ட் எதற்கு உதவும்?

பாரிசவாதம் வந்து சில வாரங்களில், தளர்ந்து கிடந்த கை மெல்ல மெல்ல இறுகத் தொடங்குவதைப் பல குடும்பங்கள் காண்கின்றன. முழங்கை மடங்கும். மணிக்கட்டு உள்நோக்கி வளையும். பெருவிரல் உள்ளங்கைக்குள் புதைய, மற்ற விரல்கள் அதன்மேல் மூடிக்கொள்ளும். கைக்குப் பலம் திரும்புகிறது என்று சிலர் ஆறுதலடைவதுண்டு. ஆனால் தசைகளைக் கட்டுப்படுத்தும் மூளையின் கட்டளைகள் தடைப்படுவதாலேயே இந்த இறுக்கம் ஏற்படுகிறது. போரில் தலையில் எறிகணைச் சிதறல் பட்டவர்களுக்கும் இதே நிலை வரலாம்.

கவனிக்காமல் விட்டால் தசையும் தசைநாணும் குறுகி, மூட்டு நிரந்தரமாக மடங்கிவிடும். நகம் உள்ளங்கையில் குத்தும், வியர்வை தேங்கிப் புண்ணாகும், சட்டை மாற்றுவதே வேதனையாகும்.

இந்தக் கட்டத்தில்தான் ஸ்பிளின்ட் பேச்சுக்கு வருகிறது. முன்கையிலிருந்து விரல் நுனிவரை தாங்கிப் பிடிக்கும் இந்தக் கைதாங்கியை, சுடுநீரில் இளகும் ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டால், அந்தந்தக் கையின் அளவுக்கே தொழில்வழிச் சிகிச்சையாளர் செய்து தருவார்.

எதை எதிர்பார்க்கலாம்?

ஸ்பிளின்ட் அணிந்தால் கை மீண்டும் இயங்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அவுஸ்திரேலியாவில் பாரிசவாதம் வந்த 63 பேரிடம் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வில், நான்கு வாரங்கள் இரவில் ஸ்பிளின்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே மணிக்கட்டு இறுகுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எல்லோருக்கும் வழமையாக ஸ்பிளின்ட் கொடுக்க வேண்டாம் என்று 2013 இல் பிரித்தானியாவின் வழிகாட்டியும் கூறியது. அசைவற்ற அல்லது மிகவும் இறுகிய கைகளுக்கு, மூட்டின் நிலையைப் பேணவும் உள்ளங்கையைச் சுத்தம் செய்யவும் அது உதவலாம் என்பதையும் அதே வழிகாட்டி ஏற்றது.

ஆகவே ஸ்பிளின்ட் நோயை மாற்றும் மருந்து அல்ல. கையைத் திறந்து கழுவவும் நகம் வெட்டவும் புண் வராமல் காக்கவும் துணை செய்யும் கருவி. சிறிதளவாவது அசையத் தொடங்கிய கையை நாள் முழுவதும் அதற்குள் பூட்டி வைத்தால், பயிற்சிக்கான வாய்ப்பே பறிபோகும்.

அணியும்போது

• மூடிய விரல்களை நேராகப் பிடித்து இழுக்க வேண்டாம். முதலில் மணிக்கட்டை மெதுவாக உள்நோக்கி மடக்குங்கள். விரல்கள் சற்றுத் தளரும். பெருவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுத்தபின் மற்ற விரல்களைத் திறக்கலாம்.

• கையைக் கழுவி, விரலிடுக்குகளை நன்கு உலர்த்திய பின்னரே அணியுங்கள்.

• முதல் நாட்களில் அரை மணி நேரம் போதும். சிகிச்சையாளர் சொல்லும்படி நேரத்தைக் கூட்டுங்கள்.

• கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டாலும், வீக்கம், வலி, விரல் நிறமாற்றம் இருந்தாலும் மீண்டும் அணியாமல் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். உணர்விழந்த கையில் புண் வந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. பழைய போர்க்காயத்தால் நரம்பு பாதிக்கப்பட்ட கையென்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

• வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள், சுடுநீரில் கழுவாதீர்கள். வடிவம் மாறிவிடும்.

இறுக்கம் திடீரெனக் கூடினால்

சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், தோள் வலி போன்றவை தசை இறுக்கத்தைக் கூட்டும். ஸ்பிளின்டை இன்னும் இறுக்கிக் கட்டாமல், காரணத்தைத் தேடி வைத்தியரிடம் செல்லுங்கள். பக்லோஃபென் மாத்திரை, பொட்டுலினம் ஊசி போன்ற சிகிச்சைகள் பொருந்துமா என்பதையும் அவரே தீர்மானிப்பார். ஊசியின் பலன் ஏறத்தாழ மூன்று மாதங்களே நிற்கும்.

எங்கே கேட்பது?

அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் முதலில் கேளுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் அங்கு இல்லையென்றால், அவர் உள்ள வைத்தியசாலைக்குக் கடிதம் பெறலாம். கடையிலோ இணையத்திலோ பொது அளவில் விற்பதைக் கடன்பட்டு வாங்குமுன் அவரிடம் கையைக் காட்டுங்கள். எதற்காக, எத்தனை மணி நேரம் அணிவது, மீண்டும் எப்போது காட்டுவது ஆகிய மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். கூலிவேலைக்கும் போய் வந்து ஒருவரே பராமரிக்கும் வீட்டில், அடுத்தவர் கைமாற்ற அந்தக் குறிப்பு உதவும்.