கணப்புக்குச் சுள்ளிகள்

அமெரிக்காவின் பேஸ்பால் பருவம் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தோடு முடிகிறது. பிப்ரவரி நடுவில் பந்துவீச்சாளர்கள் ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் பயிற்சிக்கு வந்து சேரும்வரை ஆடுகளத்தில் ஒன்றும் நடப்பதில்லை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் மைதானங்கள் பனிக்கடியில் கிடக்கின்றன. ஆனால் அந்த மூன்றரை மாதங்களுக்கென்றும் ஒரு லீக் உண்டு. அதன் பெயர் ஹாட் ஸ்டவ் லீக். சிற்றூர்ப் பலசரக்குக் கடையில் எரியும் இரும்புக் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து, போன கோடையின் ஆட்டங்களையும் வரும் கோடையின் அணிகளையும் பேசித் தீர்த்தவர்கள் விட்டுச் சென்ற பெயர் அது. நூறாண்டுக்கும் மேலாகப் புழங்குகிறது.

இந்த லீக்கில் ஆடுபவர்கள் ரசிகர்களாகிய நாமே. எந்த அணி எந்த ஆட்டக்காரரைக் கொடுத்து எவரை வாங்கப் போகிறது என்ற வதந்திதான் நமது பந்து. டிசம்பரில் அணி நிர்வாகிகள் ஒரு விடுதியில் கூடும் குளிர்காலக் கூட்டம் நமது திருவிழா. காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது அந்தச் செய்தியைத்தான். இரண்டு இளம் பந்துவீச்சாளர்களைக் கொடுத்து ஒரு ஷார்ட்ஸ்டாப்பை வாங்கலாமா, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதுகுவலிக்காரரை எடுப்பது அறிவுடைமையா என்று, கொடுப்பதும் வாங்குவதும் நாமே என்பதுபோல் வாதிடுகிறோம். இந்த இன்பம் எதன்மேல் கட்டப்பட்டது என்பதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை.

அது 1879இல் தொடங்குகிறது. நேஷனல் லீக்கின் அணி உரிமையாளர்கள் அந்த ஆண்டு தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மற்ற அணிகள் அவர்களைத் தொடக்கூடாது. சில ஆண்டுகளில் அந்த ஐந்து வளர்ந்து, ஏறத்தாழ முழு அணியையும் விழுங்கிவிட்டது. 'ரிசர்வ் க்ளாஸ்' எனப்பட்ட இந்தத் தக்கவைப்பு விதியின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே உரியவர். அவர் வேறு அணிக்குப் போக வழியில்லை. அணியோ அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கழற்றிவிடலாம். ஆளின் விருப்பத்தைக் கேட்க வேண்டியதில்லை என்பதால்தான் இன்னாரைக் கொடுத்து இன்னாரை வாங்கு என்ற பேச்சே சாத்தியமாயிற்று. 1922இல் நீதியரசர் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நகரம் நகரமாக ரயிலேறி ஆடிப் பணம் ஈட்டிய ஒரு தொழிலைப் பற்றிச் சொல்லப்பட்டது இது!

கணப்படுப்பின் மிகப் பெரிய செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 1920 ஜனவரி 5ஆம் நாள், பேப் ரூத்தை பாஸ்டன் ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. விலை 1,00,000 டாலர். அதோடு ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸிக்கு 3,00,000 டாலர் கடன், ஃபென்வே பார்க் மைதானத்தின் அடமானத்தின் பேரில். முந்தைய ஆண்டு ரூத் அடித்த ஹோம் ரன்கள் 29. நியூயார்க்கில் முதல் ஆண்டு 54. நாடகத் தயாரிப்பாளரான ஃப்ரேஸி 'நோ, நோ, நானெட்' என்ற இசை நாடகத்துக்குப் பணம் திரட்டவே ரூத்தை விற்றார் என்ற கதை பாஸ்டனில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டது. அந்த நாடகம் பிராட்வே மேடையேறியது 1925இல். வதந்தி எதிர்காலத்தைப் பற்றி மட்டும் பிறப்பதில்லை போலும்.

நடக்காத மாற்றங்களுக்கும் கணப்படுப்பில் தனி இடம் உண்டு. ரெட் சாக்ஸின் டாம் யாக்கியும் யாங்கீஸின் டான் டாப்பிங்கும் 1940களின் பிற்பகுதியில் ஓரிரவு மது அருந்தியபடி, டெட் வில்லியம்ஸையும் ஜோ டிமாஜியோவையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதாகக் கைகொடுத்தார்கள் என்றும், விடிந்து தெளிந்ததும் யாக்கி கூடவே இளம் யோகி பெர்ராவையும் கேட்க, பேச்சு முறிந்தது என்றும் கதை. ஆண்டும் இடமும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். ஆனாலும் அதை ரசிகர்கள் விடவில்லை. இடக்கைக்காரரான வில்லியம்ஸுக்கு யாங்கீ மைதானத்தின் குட்டையான வலப்புறம், வலக்கைக்காரரான டிமாஜியோவுக்கு ஃபென்வேயின் அருகிலேயே நிற்கும் இடப்புறச் சுவர் என்று இன்னமும் மனக்கணக்குப் போடுகிறோம். இந்தக் கதையில் அந்த இரண்டு ஆட்டக்காரர்களும் அன்றிரவு எங்கிருந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை.

கேட்க வைத்தவர் கர்ட் ஃப்ளட்.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி ஃப்ளட்டையும் டிம் மெக்கார்வர் உள்ளிட்ட மூவரையும் ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்து, டிக் ஆலன் உள்ளிட்ட மூவரை வாங்கியது. பெயர்களை எடை போட்டுப் பார்த்தால் நல்ல கணப்படுப்புச் சரக்கு. ஃப்ளட் அங்கே 12 பருவங்கள் மையக்களத்தில் நின்றவர். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது பெற்றவர். அவரிடம் யாரும் கலந்து பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தொலைபேசியில் தகவல் சொன்னார்கள். முறையான அறிவிப்பு அதற்கும் பின்னர் வந்தது.

டிசம்பர் 24ஆம் நாள் அவர் ஆட்டத்தின் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு பணியாற்றிய தாம், தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கி விற்கப்படும் உடைமை என்று கருதவில்லை. பிற அணிகளின் அழைப்பையும் கேட்டு முடிவு செய்யத் தமக்கு உரிமை வேண்டும் என்பது சாரம். ஃப்ளட் மனிதர்தான், உடைமையல்ல என்பதைக் கூன் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கும் இந்த விஷயத்துக்கும் என்ன தொடர்பு என்று தமக்கு விளங்கவில்லை என்று பதில் எழுதினார். ஃப்ளட் வழக்குத் தொடர்ந்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குபவர் அடிமையா என்று தொலைக்காட்சியில் கேட்கப்பட்டபோது, நல்ல ஊதியம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்ற பொருளில் விடை சொன்னார். தெற்கு மாநிலங்களின் சிறிய லீக்குகளில் கறுப்பர் என்பதால் தனியே உண்ணவும் உறங்கவும் நேர்ந்த இளைஞராக ஆட்டத்துக்குள் வந்தவர் அவர். அந்தச் சொல்லை அவர் இலேசாக எடுத்திருக்க முடியாது. 1970இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். களத்தில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் நீதிமன்றப் பக்கம் வரவில்லை.

1972 ஜூன் 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹாரி பிளாக்மன். அதன் முதல் பகுதி வழக்கைப் பற்றியதே அன்று. ஆட்டத்தின் வரலாற்றை அன்போடு சொல்லி, டை காப், பேப் ரூத் என்று தொடங்கி எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பெயர்களை அடுக்கிச் செல்கிறது. பருவத்திலும் பருவமல்லாத காலத்திலும் பேச்சுக்கும் எதிர்பார்ப்புக்கும் சுள்ளியாக அமைந்த பெயர்கள் என்று அவற்றைப் பற்றிச் சொல்கிறார் பிளாக்மன். அடுப்பு மூட்டும் சுள்ளி! நாட்டின் மிக உயர்ந்த நீதிபதி ஒருவர், ஓர் ஆட்டக்காரர் உடைமையா இல்லையா என்று முடிவு செய்யும் முன்னர், நம்மருகே கணப்படுப்பில் வந்து அமர்ந்துகொள்கிறார். தீர்ப்பில் சேர்ந்த பர்கர், ஒயிட் இருவரும் இந்த முதல் பகுதியில் மட்டும் தங்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். மெல் ஆட்டின் பெயரை விட்டுவிட்டோமே என்று பிளாக்மன் பின்னாளில் வருந்தினார். எந்தப் பட்டியலைப் போட்டாலும் ரசிகனுக்கு வரும் வருத்தம் அது. ஃப்ளட்டின் பெயரும் அப்பட்டியலில் இல்லை.

அந்தப் பக்கங்களை நாம் முதலில் படித்தபோது மகிழ்ச்சியோடு படித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எத்தனை பெயர்கள் நமக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டே போனோம். அதன்பின் வரும் பகுதிகளில், பேஸ்பாலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு பொருந்தாத ஒன்றுதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டு, திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகழுவும் இடத்தில் நின்றோம். ஆட்டத்தின்மேல் உள்ள பிரியமே அநீதிக்கு மெத்தை விரிக்கும் விதத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆவணம் வேறொன்றை நாம் அறியோம்.

ஃப்ளட் 1971இல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட்டு, பாதியில் விலகிவிட்டார். 1997 ஜனவரியில், 59 வயதில், ஒரு குளிர்காலத்தில் இறந்தார். அவர் பெயரிலான சட்டம் மறு ஆண்டு நிறைவேறியது.

ஆனால் கதவு அதற்கு முன்பே திறந்துவிட்டது. ஒரே அணியில் ஐந்தாண்டும் மொத்தத்தில் பத்தாண்டும் ஆடியவரை அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற விதியை ஆட்டக்காரர் சங்கம் பெற்றது. 1973 டிசம்பரில் சிகாகோ கப்ஸின் ரான் சான்டோ கலிஃபோர்னியாவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, அதை முதன்முதலில் பயன்படுத்தினார். 1975 டிசம்பர் 23ஆம் நாள், மெசர்ஸ்மித், மெக்னாலி என்ற இரு பந்துவீச்சாளர்களின் முறையீட்டில், நடுவர் பீட்டர் சைட்ஸ் தக்கவைப்பு ஓராண்டுக்கு மேல் நீளாது என்று முடிவு சொன்னார். ஆட்டம் அழிந்துவிடும் என்றார்கள் உரிமையாளர்கள். அழியவில்லை. கணப்படுப்பில் தீ இரட்டிப்பாயிற்று. எந்த அணி எவரைக் கொடுக்கும் என்பதோடு, எவர் எந்த அணிக்குப் போக விரும்புவார் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வதந்தியில் முதன்முறையாக ஆட்டக்காரரின் மனத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அதனால் வதந்தி தூய்மையாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. விலையை ஏற்ற ஏஜெண்டுகள் பெயர் சொல்லாத ஒரு 'மர்ம அணி'யைப் பற்றிப் பேசுவார்கள், நாம் சிரிப்போம். 2010 டிசம்பரில் பந்துவீச்சாளர் கிளிஃப் லீக்கு நியூயார்க்கா டெக்சாஸா என்று நாடே பேசிக்கொண்டிருக்க, மர்ம அணி உண்மையாகவே வந்து அவரைக் கொண்டுபோனது. அது ஃபிலடெல்பியா. 2003 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் பாஸ்டனுக்கு வருவதற்காகத் தம் ஒப்பந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளவும் இசைந்தார். ஆட்டக்காரர் சங்கமே குறுக்கே நின்று, ஒப்பந்தத்தின் மதிப்பைத் தாழ்த்த விடமாட்டோம் என்றது. இரண்டு மாதத்தில் அவர் யாங்கீஸுக்குப் போனார். பாஸ்டன் ரசிகர்களின் ஓலம் 2004 அக்டோபரில், 86 ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் கோப்பையை வென்றபோதுதான் ஓய்ந்தது.

பெரிய லீக்கில் ஆறாண்டு பணிக்காலம் நிறையாத ஆட்டக்காரர் இன்றும் தாமாக வேறு அணியைத் தேட முடியாது. அணி அவரைக் கேட்காமலே மாற்றலாம். நாம் வதந்திகளில் 'இளம் திறமைகள் இருவர்' என்று பெயர்கூடச் சொல்லாமல் தூக்கிக் கொடுப்பது பெரும்பாலும் இவர்களையோ, இன்னும் சிறிய லீக்குகளில் இருப்பவர்களையோதான். கோடையில் நடந்ததானாலும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2015 ஜூலை 29ஆம் நாள் நியூயார்க் மெட்ஸின் வில்மர் ஃப்ளோரஸ் விற்கப்பட்டுவிட்டார் என்ற செய்தி, ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே பார்வையாளர்களின் கைபேசிகளில் வந்தது. வெனிசுவேலாவிலிருந்து 16 வயதில் அந்த அணியில் சேர்ந்தவர் அவர். மட்டையெடுத்து வந்தவருக்கு அரங்கம் எழுந்து நின்று விடைகொடுத்தது. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்து ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றபடி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தபின் பேரம் முறிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டாம் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்து வைத்தவர் அவரே. அந்த ஹோம் ரன்னை நாம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம், அந்த அழுகையையும்தான்.

2023 டிசம்பர் 8ஆம் நாள் ஷோஹெய் ஓட்டானி டொரொன்டோவுக்குப் பறந்துகொண்டிருக்கிறார் என்று செய்தி பரவியது. தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஒரு தனியார் விமானத்தை ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தம் திரைகளில் மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். நாமும் பார்த்தோம்; வரைபடத்தில் ஒரு சிறு பறவைபோல் அது நகர்ந்துகொண்டிருந்தது. டொரொன்டோவில் இறங்கியபோது அதிலிருந்து வெளிவந்தவர் ராபர்ட் ஹெர்ஜாவெக் என்ற கனேடியத் தொழிலதிபர், தம் பிள்ளைகளுடன். ஓட்டானி கலிஃபோர்னியாவை விட்டு நகரவே இல்லை. மறுநாள் பிற்பகல், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் பத்தாண்டுகளுக்கு 700 மில்லியன் டாலருக்கு இசைந்திருப்பதை, முடிவெடுக்க இவ்வளவு காலம் ஆனதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவரே தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எழுதினார். யாரும் அவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.