உலர்வலயத்தின் தொடர்குளங்கள்

2018 கோடையில் நான் வாழும் ஸ்கீவ நகரைச் சுற்றியுள்ள வயல்கள் மழையின்றிக் காய்ந்தன. டென்மார்க் முழுவதையும் வாட்டிய வரட்சி அது. அயலிலுள்ள டெனிஷ் கமக்காரர் ஒருவர், "உங்கள் நாட்டில் இதற்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். "குளம் கட்டுவோம்" என்றேன். அது பாதிப் பதில்தான் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன்.

இலங்கையின் உலர்வலயத்திலுள்ள சிறு குளங்களில் பெரும்பாலானவை தனித்தவை அல்ல. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக அவை அமைந்துள்ளன. மேற்குளம் வான் பாயும் நீரும், அதன் வயல்களில் வடியும் நீரும் அடுத்த குளத்தைச் சேரும். ஒரே நீர் பல ஊர்களுக்கு உதவும். சிங்களத்தில் 'எல்லங்காவ' எனப்படும் இத்தொடர்குள அமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985 இல் ஆராய்ந்து விளக்கினார். 2017 இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது.

குளத்தோடு காடும் சேர்ந்ததே இவ்வமைப்பு. மேற்புறத்து மரவரிசை காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். மேலேயுள்ள சிறு பள்ளங்கள் வண்டலைத் தடுக்கும். அணைக்கட்டின் கீழுள்ள பற்றைக்காடு வயலுக்கு உவர் செல்லாது காக்கும். நீர் குறைந்த சிறுபோகத்தில், குளத்தை அண்டிய வயல்களை மட்டும் விதைத்து, அந்நிலத்தை எல்லாக் கமக்காரரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

2016-17 வரட்சியால் 2017 இல் நாட்டின் நெல் உற்பத்தி முன்னைய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறையும் என மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டில், பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியுடன் ஐ.நா. அபிவிருத்தித் திட்டமும் அரசும் தொடங்கிய வேலைத்திட்டம், அருவியாறு (மல்வத்து ஓயா), யான் ஓயா, மீ ஓயா படுகைகளில் குளங்களைத் தொடராகவே திருத்த முனைந்தது.

இது எமக்கும் பாடம். வவுனியாவிலுள்ள எங்கள் ஊர்க் குளத்துக்கென இங்கே பணம் சேர்த்தபோது, கட்டை உயர்த்தவேண்டும் என்பதே எல்லோரது பேச்சாகவும் இருந்தது. நானும் அதையே சொன்னேன். கட்டோடு வானையும் உயர்த்தினால் மேலேயுள்ள வயல்கள் மூழ்கலாம். கீழ் ஊருக்கு வரும் நீர் குறையலாம். மேற்குளம் தூர்ந்திருந்தால் எங்கள் குளமும் விரைவில் தூர்ந்துவிடும். ஊர்க் குளத்துக்கு உதவ நினைப்பவர்கள், அதற்கு மேலும் கீழும் எந்தக் குளங்கள் உள்ளன என்று முதலில் கேட்கவேண்டும்.