மகர ராசியும் கொய்னா அணையும்

1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை, அதாவது பிலவ வருஷத்துத் தை மாதத்தின் பிற்பகுதியில், சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஏழும் கேதுவையும் சேர்த்துக்கொண்டு மகர ராசியில் ஒன்றுகூடப் போகின்றன என்றும், அந்த அஷ்டக்கிரக சேர்க்கையின் பலனாகப் பூமி நடுங்கிக் கடல் பொங்கி உலகமே பிரளயத்தைக் காணப்போகிறது என்றும் நாடெங்கும் பேச்சுக் கிளம்பியபோது, தென்னிந்தியர் நிறைந்த பம்பாய் மாதுங்காவுக்கு அந்தப் பேச்சு வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. டில்லி முதலாக ஊர் ஊராக யாகசாலைகள் எழுந்தன. நெய்யும் சமித்தும் குவிந்தன. பிரதமர் நேரு நகைத்து ஒதுக்கினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று நாட்களும் சஹஸ்ரநாம பாராயணம் நடந்தது. சிறுவனாயிருந்த எனக்கு உலகம் அழிவதைக் காட்டிலும் பாராயணம் முடிந்ததும் தொன்னையில் கிடைக்கும் சுண்டலே முக்கியமாகப் பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாம் தேதி காலையில் பால்காரர் வழக்கமான நேரத்துக்கு வந்து கதவைத் தட்டினார். தாதரிலிருந்து சயானுக்குப் போகும் லோக்கல் வண்டியும் வழக்கமான கூட்டத்தோடு போயிற்று.

பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லும் முயற்சிகளின் நீண்ட சரித்திரத்தில் இந்த மூன்று நாட்களுக்கு ஒரு தனி கௌரவம் உண்டு. வழக்கமாக ஜோதிடர் சொல்லும் பலனில் நாள் இராது, அல்லது ஊர் இராது. இங்கோ நாள் முன்கூட்டியே கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. பின்னால் மாற்றிச் சொல்ல வழியில்லை. யாகத்தினால்தான் ஆபத்து விலகிற்று என்று சொல்ல ஒரு சிறு வாசல் மட்டும் திறந்திருந்தது. அந்த வாசல் வழியாகப் பலர் கௌரவமாக வெளியேறினார்கள்.

மகர ராசியின்மேல் ஏன் இவ்வளவு பயம்? அதற்குக் காரணம் 28 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிற்பகல். 1934 ஜனவரி 15-ஆம் தேதி பகல் இரண்டேகால் மணி சுமாருக்குப் பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரம் இடிபாடாகியது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றும் தை அமாவாசை. அன்றும் கிரகங்கள் பல மகரத்தில் கூடியிருந்தன. நடந்து முடிந்த பின் பஞ்சாங்கத்தைப் புரட்டியவர்களுக்கு இது புலப்பட்டது. புலப்பட்டதை விதியாக்கி, அந்த விதியை 1962-இன்மேல் ஏற்றினார்கள். நடந்ததற்குக் காரணம் கற்பிப்பது வேறு, நடக்கப்போவதைச் சொல்வது வேறு என்ற பேதத்தை அந்தத் தை அமாவாசைகள் இரண்டும் காட்டிய அளவுக்கு வேறெதுவும் நம் நாட்டில் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

நடந்த பின் காரணம் சொன்னவர்கள் ஜோதிடர்கள் மட்டுமல்லர். அந்த ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசும்போது, பீகாரின் துயரம் தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்று சொன்னார். பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு, அதை நீதியோடு முடிச்சுப் போடலாகாது என்று தாகூர் மறுத்தெழுதினார். காந்தி தம் நம்பிக்கையை விடவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்காக அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய, தீண்டாமையின் பாரத்தைத் தோளில் சுமந்த குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுக்கு மகாத்மாவின் வார்த்தை ஆறுதலாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் பாவம் செய்தவன் ஒருவன் இருக்க முங்கேரின் குழந்தை ஏன் சாகவேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லும் துறையில் நம் முன்னோர் சூனியமாக இருந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் பூகம்ப லக்ஷணத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, திக்கஜங்கள் அசைவதும் காற்றோடு காற்று மோதுவதும் ஆகிய பழைய அபிப்பிராயங்களை வரிசைப்படுத்தி, நக்ஷத்திரங்களைக் கொண்டு பூகம்பங்களை வாயு, அக்கினி, இந்திர, வருண மண்டலங்களென நான்காகப் பிரித்து, அவற்றின் குறிகள் ஏழு நாட்களுக்கு முன்னரே தோன்றும் என்கிறார். இதை நம்ப வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழு நாள் என்று ஓர் எண்ணைத் துணிந்து சொன்னாரே, அந்தத் துணிவு மெச்சத்தக்கது. எண் சொன்னவனை மட்டுமே பரீட்சிக்க முடியும்.

பிற்காலத்துப் பஞ்சாங்கம் அவ்வளவு துணியவில்லை. சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் வாசிக்கும்போது, எத்தனை மரக்கால் மழை, ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்பவற்றுக்கு நடுவே, மேற்கே நில அதிர்ச்சி, வடக்கே அரசர்க்குள் பகை என்ற மாதிரி ஓரிரு வாக்கியம் காதில் விழும். மில் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் தாய்மாமன், பலித்த வாக்கியத்துக்கு எதிரே பென்சிலால் ஒரு சிறு கோடு போடுவார். அவர் காலத்துக்குப் பின் அந்தப் பஞ்சாங்கங்கள் என்னிடம் வந்தன. மஞ்சள் பூசிய மூலைகள், கற்பூரமும் அந்துருண்டையும் கலந்த வாசனை, ஓரங்களில் கூராகச் சீவிய பென்சிலின் கோடுகள். எவ்வளவு தேடியும் ஒரு பெருக்கல் குறி அகப்படவில்லை. பலிக்காதவற்றை அவர் மறைத்தார் என்பதல்ல. பலிக்காதது ஒரு செய்தி என்பதே அவர் மனத்தில் எழவில்லை.

அந்தக் கோடுகளுக்கு நடுவே உட்கார்ந்தபோது நானும் ஒரு கணம் வலையில் விழுந்தேன். பீகார் பூகம்பம் நேர்ந்தது ஸ்ரீமுக வருஷம். மராத்வாடாவில் கில்லாரியை அழித்து ஏறக்குறைய பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோன 1993 செப்டம்பர் 30-ஆம் தேதியும், அறுபதாண்டுச் சக்கரம் ஒருமுறை சுற்றி வந்த அதே ஸ்ரீமுக வருஷந்தான்! உடல் புல்லரித்தது. பிறகு சற்று நிதானித்து எண்ணினேன்: வருஷப் பெயர் ஒத்தால் வருஷம் என்பேன், இல்லையேல் திதி, இல்லையேல் நக்ஷத்திரம், இல்லையேல் கிழமை. பீகார் நடுங்கியது திங்கட்கிழமை. சஹ்யாத்ரி மலையில் உள்ள கொய்னா நடுங்கிய 1967 டிசம்பர் 11-ஆம் தேதியும் காலண்டரில் திங்கட்கிழமை. ஆனால் கொய்னா நடுங்கியது விடியுமுன் நாலேகால் மணிக்குமேல்; சூரியோதயத்திலிருந்து நாளை எண்ணும் பஞ்சாங்கப்படி அது இன்னும் ஞாயிற்றுக்கிழமை. வேண்டுமானால் திங்கள், வேண்டாவிட்டால் ஞாயிறு! இத்தனை கதவுள்ள வீட்டில் ஏதாவது ஒரு கதவு திறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதே பம்பாயின் தென்கோடியில், வானத்தை விட்டுப் பூமியின் பக்கம் காது வைத்தவர்களும் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1826-இல் நிறுவிய கொலாபா நோக்குகூடத்துக்கு, 1896 முதல் நானாபாய் மூஸ் என்னும் பார்சி விஞ்ஞானி டைரக்டராக இருந்தார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1897-இன் அஸ்ஸாம் பெரும் பூகம்பத்துக்குப் பிறகு, கல்கத்தாவிலும் கொலாபாவிலும் நம் கோடைக்கானலிலும் ஜான் மில்ன் வகுத்த பூகம்பமானிகள் அமைக்கப்பட்டன. படுக்கையாகத் தொங்கும் ஒரு மெல்லிய கோல். அதன் நுனியிலுள்ள பிளவின் வழியாக ஒரு விளக்கொளிப் புள்ளி. அதன் கீழே மெதுவாக நகரும் போட்டோ காகிதம். பூமி அசையாதவரை காகிதத்தில் ஒரே நேர்கோடு. இதன் பெருமை என்னவென்றால், அசையாத நாளையும் அது பதிவு செய்தது. என் மாமாவின் பென்சில் செய்யாததும் அதுதான். 

சொல்பவனைச் சோதிக்குமுன் பூகம்பங்களின் பட்டியலையும் சோதிக்க வேண்டும். 1618 மே மாதத்தில் பம்பாய்ப் பகுதியில் இரண்டாயிரம் பேரைக் கொன்ற பூகம்பம் என்று பழைய அட்டவணைகளில் ஏறிவிட்ட ஒரு நிகழ்ச்சி, பின்னால் ஆராய்ந்தவர்களின் முடிவுப்படி பெரும் புயலே. பூகம்பமல்லாததைப் பூகம்பமென்று எண்ணி அதற்கு ராசிப் பொருத்தம் பார்த்தவர்கள் இருந்தால், அவர்களுக்கும் பொருத்தம் கிடைத்திருக்கும்.

இப்பொழுது 1962-க்குத் திரும்புவோம். மாதுங்காவின் கண்கள் மகரத்தில் பதிந்திருந்த அந்தக் காலத்தையொட்டித்தான், பம்பாய்க்குத் தெற்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சஹ்யாத்ரி மலையில், 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணைக்குப் பின்னால் சிவாஜி சாகரத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நீர் ஏற ஏற, அசையாப் பாறையென்று சாஸ்திரிகளும் விஞ்ஞானிகளும் ஒருங்கே நம்பிய தக்காணத்தின் அடியில் உறுமலும் சிறு நடுக்கமும் எழுந்தன. ஐந்தாண்டு கழித்து, நான் மேலே சொன்ன அந்த டிசம்பர் விடியற்காலையில், ஆறுக்கு மேற்பட்ட அளவுள்ள பூகம்பம் கொய்னாநகரைத் தரைமட்டமாக்கி ஏறக்குறைய இருநூறு பேரைக் கொன்றது. அணையில் விரிசல் கண்டது. பம்பாயில் கட்டில்கள் ஆடி ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். பாறைப் பிளவுகளில் ஊறிய நீரின் அழுத்தம் முன்பே இறுகிக் கிடந்த பிளவை நழுவச் செய்தது என்பது இன்று பெரும்பாலோர் ஒப்பும் விளக்கம். கிரகங்கள் கூடியபோது ஒன்றும் நடவாமல், அத்தகைய கூட்டம் ஏதுமில்லாதபோது, மார்கழிக்கு முன் நடந்தது!

செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் உள்ள அணுசக்தி நிலையத்தாரும் இதற்குள் பூமியைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கர்நாடகத்துக் கௌரிபிதனூரில் 1965-ஐ ஒட்டி, ஆங்கில எழுத்து 'எல்' வடிவத்தில் அவர்கள் பரப்பிய பூகம்பமானிகளின் முதல் நோக்கம் அந்நிய நாடுகளின் அணுகுண்டுச் சோதனையை அறிவதே. செம்பூரில் காலை நேரத்து அலுவலக பஸ்ஸுக்கு நின்றவர்களில் சிலருக்கு, பூமியின் மறுபுறத்து அதிர்வைப் படிப்பது ஜீவனோபாயமாக இருந்தது. அண்டை வீட்டு ஆரூடக்காரர்களின் தொல்லையும் அவர்களுக்கே அதிகம்.

சரி, ஒருவர் வந்து, மேகத்தைப் பார்த்தோ, நாய் குரைத்ததைக் கேட்டோ, பூகம்பத்தைச் சொல்லிவிடுவேன் என்கிறார். அவரை எப்படிப் பரீட்சிப்பது? நான் ஒரு கிளி ஜோசியக்காரரின் கிளியை அவருக்கு எதிரே உட்கார வைப்பேன். அவர் நூறு தேதி சொல்லட்டும். கிளியும் நூறு சீட்டு எடுக்கட்டும். உலகில் ஆறும் அதற்கு மேற்பட்ட அளவும் உள்ள பூகம்பங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 130 முதல் 150 வரை நேர்கின்றன. ஆகவே 'இந்த ஒரு வாரத்துக்குள் உலகில் எங்கேனும் ஒரு பெரிய பூகம்பம்' என்று கிளி சொன்னாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் பலித்துவிடும். கிளியை வென்றால்தான் வெற்றி. கிளிக்கும் ஒரு சூதைக் கற்றுக்கொடுக்கலாம்: பெரிய பூகம்பத்துக்குப் பிறகு பின்னதிர்வுகள் சரமாகத் தொடரும் என்பதால், பத்திரிகையில் ஒன்றைப் படித்த மறுநாளே அதே இடத்துக்குச் சீட்டெடுத்தால் கிளி மகா தீர்க்கதரிசியாகிவிடும். அந்தக் கிளியையும் நம் நண்பர் வென்றாக வேண்டும்.

இத்தாலியில் ஃபாயன்சா என்னும் ஊரில் ரஃபேல் பெண்டாண்டி என்றொரு மரச்சிற்பி இருந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அவர், தம் கையாலேயே பூகம்பமானிகள் செய்து, கிரகங்களின் இழுப்பே பூகம்பத்துக்குக் காரணமென்று நம்பினார். 1923 நவம்பரில் ஒரு நோட்டரியிடம், வரும் ஜனவரி 2-ஆம் தேதி மார்க்கே பிரதேசத்தில் பூமி அதிரும் என்று எழுதிக்கொடுத்தார். 4-ஆம் தேதி அதிர்ந்தது. முன்கூட்டி எழுதி மூன்றாம் மனிதரிடம் ஒப்படைத்தாரே, அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குவேன். ஆனால் ஒரு பலிதம் ஒரு பலிதமே. அவர் இறந்து முப்பதாண்டுக்குப் பின், 2011 மே 11 அன்று ரோம் அழியும் என்று அவர் சொல்லியதாகப் பொய்யாக ஒரு வதந்தி கிளம்பி, பலர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ரோம் அசையவில்லை, அதே நாளில் ஸ்பெயின் தேசத்து லோர்காவில் பூகம்பம் வந்து ஒன்பது பேர் இறந்தார்கள். ஊர் எழுதாத ஆரூடக்காரருக்கு இது எப்பேர்ப்பட்ட விருந்து!

விஞ்ஞானிகளுக்கும் இதே தராசுதான். கொய்னாவில் இன்றும் அதிர்வு ஓயவில்லை. நான்கு அளவுக்கு மேற்பட்டவை இதுவரை இருநூற்றுக்கும் அதிகம். ஹைதராபாத்தின் தேசிய புவிபௌதிக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹர்ஷ் குப்தாவும் அவர் குழுவினரும் 2006 மே 16-இல், பதினைந்து நாட்களுக்குள் அங்கே நான்கு அளவில் ஒன்று வரும் என்று எழுதிவைத்தார்கள். 21-ஆம் தேதி வந்தது. இடம், காலம், அளவு மூன்றும் அதில் இருந்தன. ஆனால் அந்த இடத்தில் கிளிக்கே உத்தேசமாக ஆறில் ஒரு தடவை பலிக்கும் என்பதால், ஒன்றோடு நிறுத்தாமல் பலமுறை செய்து காட்ட வேண்டியிருந்தது. அவர்களும் அப்படியே முயன்றார்கள்.

2001 ஜனவரி 26 காலை, குடியரசு தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்க உட்கார்ந்த நேரத்தில், செம்பூரில் என் வீட்டு மின்விசிறி தானாக ஆடிற்று. குஜராத்தில் புஜ் அழிந்த செய்தி மத்தியானத்துக்குள் வந்தது. மாலையில் மாடி வீட்டுப் பெரியவர் வந்து, "போன மாசமே சொன்னேனே, தைக்குள்ள ஒண்ணு வரும்னு" என்றார். நான் காபியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்து, "அடுத்ததை மட்டும் இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க மாமா, கவர்ல போட்டு ஒட்டி வச்சுடலாம்" என்றேன். அவர் பேனாவைத் திறந்தார், தேதியை எழுதினார், சற்று யோசித்தார், தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "ஊர் பேரும் எழுதணுமா?" என்றார்.